தட்டம்மை ஊசி: எங்க கடைக்கு வர்றவங்க கேக்குற கேள்விகளும் பதில்களும்

நான் மேலூர் பக்கம் ஒரு மெடிக்கல் கடையில பார்மசிஸ்ட். டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். காய்ச்சல் மருந்து வாங்க வர்ற அம்மாமார், அப்பத்தாமார், எப்பவாச்சும் அப்பாமாரும் கூட, சில்லறை வாங்குற நேரத்துல மெதுவா ஒரு சந்தேகம் கேப்பாங்க, அது பெரும்பாலும் போன வாரம் வேற ஒருத்தர் கேட்ட அதே சந்தேகமாத்தான் இருக்கும். ஊசியே வேணாம்னு அடிச்சுப் பேசுறவங்க ரொம்பக் கம்மி. "அடுத்த தடவை பாத்துக்கலாம்"னு தள்ளிப் போடுறவங்கதான் ஜாஸ்தி. அவங்கள மனசுல வச்சுத்தான் இதை எழுதுறேன்.

அக்கா, தட்டம்மையும் சின்னம்மையும் ஒண்ணுதானே?

இல்லம்மா, ரெண்டும் வேற வேற வைரஸ். நம்ம ஊர்ல உடம்புல எது முத்து போட்டாலும் "அம்மை போட்டிருக்கு"ன்னு ஒரே பேர்ல சொல்லிடுறோம், அதான் குழப்பம். சின்னம்மைல தண்ணி கோத்த கொப்புளமா வரும், வயிறு முதுகுல ஜாஸ்தியா இருக்கும். தட்டம்மைய மணல்வாரின்னும் சொல்வாங்க, அதுல கொப்புளம் கிடையாது, சிவப்பா மணல் தூவுன மாதிரி தடிப்பு வரும்.

ஆனா தடிப்பு வர்றதுக்கு மூணு நாலு நாள் முன்னாடியே கடுமையான காய்ச்சல், இருமல், மூக்கு ஒழுகுறது, கண்ணு சிவந்து வெளிச்சத்தைப் பாக்கவே கூசுறது, இதெல்லாம் ஆரம்பிச்சிடும். அப்புறம் காதுக்குப் பின்னாடி, நெத்தில முடி ஆரம்பிக்குற இடத்துல தடிப்பு தொடங்கி முகம், கழுத்து, நெஞ்சு, கடைசியா காலுன்னு மேல இருந்து கீழ இறங்கும். சில பிள்ளைகளுக்கு கன்னத்தோட உள்பக்கம், கடவாப்பல்லுக்கு நேரா, உப்புக்கல் அளவுல வெள்ளைப் புள்ளி தெரியும்.

இப்பல்லாம் யாருக்கு அம்மை வருது? எதுக்கு வீணா பிள்ளையக் குத்தணும்?

வராம இருக்கறதே ஊசியாலதான். ஊசி குறைஞ்ச இடத்துல எல்லாம் திரும்ப வந்துடுது, 2022 கடைசில மும்பைல குழந்தைகளுக்குப் பரவி சாவு வரைக்கும் போனதை நியூஸ்ல பாத்திருப்பீங்க.

பரவுறதுல தட்டம்மைய அடிச்சுக்க ஆளே இல்ல. ஒரு பிள்ளைக்கு வந்தா, எதிர்ப்பு சக்தி இல்லாதவங்க நடுவுல அது 12ல இருந்து 18 பேர் வரைக்கும் பரப்பும். தொடணும்னு கூட அவசியம் இல்ல. அந்தப் பிள்ளை இருமிட்டு எந்திரிச்சுப் போன ரூம்ல காத்துலயே ரெண்டு மணி நேரம் வரைக்கும் வைரஸ் இருக்கும். அதைவிட மோசம், தடிப்பு தெரியறதுக்கு நாலு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சிடும், அந்த நேரத்துல எல்லாரும் வெறும் சளிக்காய்ச்சல்னுதான் நினைச்சிருப்போம், பிள்ளையத் தூக்கிட்டு மாட்டுத்தாவணில பஸ் ஏறிருப்போம், கல்யாண வீட்ல நாலு பேர் கைல கொடுத்திருப்போம். தடிப்பு வந்தப்புறமும் நாலு நாள் பரவும்.

எங்க காலத்துல ஆறு பிள்ளைக்கும் வந்துச்சு, வேப்பிலையப் போட்டோம் சரியாப்போச்சு. இதுக்குப் போயி ஊசியா?

இது அப்பத்தாமார் கேள்வி, கேக்குறப்ப ஒரு கோவமும் இருக்கும். அப்பத்தா, பாதிக்கு மேல தானாவே சரியாகுறது உண்மைதான். ஆனா அதே காலத்துல தெருவுல எத்தனை பிள்ளை "அம்மைல போயிருச்சு"ன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்குமே. 1963ல முதல் ஊசி வர்றதுக்கு முன்னாடி உலகம் பூரா வருசத்துக்கு சுமார் 26 லட்சம் பேர் தட்டம்மைல செத்திருக்காங்க. இப்பவும், இவ்வளவு ஊசி இருந்தும், 2023ல ஒரு லட்சத்துக்கு மேல, அதுல பெரும்பாலும் அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க.

அம்மை இறங்குனப்புறம் வர்றதுதான் ஆபத்தே. நிமோனியா, நிக்காத வயித்துப்போக்கு, காதுல சீழ், சத்துக்குறைவான பிள்ளைன்னா கண்ணு கருவிழி புண்ணாகி பார்வை போறது. ஆயிரத்துல ஒரு பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல். ரொம்ப அபூர்வமா, அம்மை வந்து ஏழெட்டு வருசம் கழிச்சு, ஸ்கூல் போய்ட்டு இருக்கற பிள்ளைக்கு மூளை கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போற ஒரு வியாதி வரும், அதுக்கு இன்னைக்கு வரைக்கும் குணமாக்குற மருந்து கிடையாது. இன்னொண்ணு, ஏற்கனவே மத்த கிருமிகளுக்கு எதிரா உடம்பு சேத்து வச்ச சக்தியையும் தட்டம்மை அழிச்சிட்டுப் போயிடும், அதனாலதான் அம்மை வந்த பிள்ளை மாசக்கணக்குல ஏதாவது ஒரு சீக்கோடயே இருக்கும். "அம்மை வந்ததுல இருந்து பிள்ளை தேறவே இல்ல"ன்னு பெரியவங்க சொல்வாங்கல்ல, அது சும்மா பேச்சு இல்ல.

சரி, எப்ப போடணும், எங்க போடணும், எவ்வளவு ஆகும்?

9 மாசம் முடிஞ்சதும் ஒண்ணு, ஒரு வயசுக்குள்ள போட்டுடணும். 16 மாசத்துல இருந்து 24 மாசத்துக்குள்ள இன்னொண்ணு. அரசுல போடுறது எம்.ஆர்., அதாவது தட்டம்மையும், ஜெர்மன் தட்டம்மைன்னு சொல்ற ரூபெல்லாவும் சேந்த ஊசி. வலது கை மேல்பக்கம் தோலுக்கு அடியில அரை மில்லி போடுவாங்க. ஆரம்ப சுகாதார நிலையம், ஜி.ஹெச்., மதுரை பெரிய ஆஸ்பத்திரி எங்க போட்டாலும் காசு கிடையாது. கிராமத்துல பெரும்பாலும் புதன்கிழமை, நர்ஸம்மா துணை சுகாதார நிலையத்துக்கோ பால்வாடிக்கோ வருவாங்க. தாய் சேய் அட்டைய மறக்காம எடுத்துட்டுப் போங்க.

பொறந்த உடனே ரெண்டு மூணு ஊசி போடுறாங்களே, இதையும் அப்பவே போட்டா என்ன?

அம்மா உடம்புல இருந்து பிள்ளைக்கு வந்த எதிர்ப்பு சக்தி முதல் சில மாசம் ரத்தத்துல இருக்கும். அது இருக்கறப்ப ஊசி போட்டா, ஊசில இருக்கற பலவீனமான வைரஸை அதுவே அழிச்சிடும், பிள்ளையோட உடம்பு எதையும் கத்துக்காது. அது குறையிற நேரம் பாத்துப் போடணும். தட்டம்மை ஜாஸ்தி இல்லாத நாடுகள்ல 12 மாசம் வரைக்கும் காத்திருக்காங்க, நம்ம ஊர்ல அவ்வளவு நாள் பிள்ளைய வெறுமனே விட முடியாது, அதனால 9 மாசம்.

9 மாசத்துல போட்டாச்சே, ரெண்டாவது எதுக்கு? அது வெறும் பூஸ்டர்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கடைல அதிக நேரம் நின்னு பேசுறது. பூஸ்டர் இல்லம்மா. 9 மாசத்துல போடுற ஊசி நூத்துக்கு 85 பிள்ளைக்கு வேலை செய்யும். மீதி 15 பிள்ளைக்கு, அம்மா சக்தி மிச்சம் இருந்ததாலயோ வேற காரணத்தாலயோ, பிடிக்காது. எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கலன்னு வெளிய பாத்து கண்டுபிடிக்க முடியாது. அதனால எல்லாருக்கும் ரெண்டாவது போடுறாங்க, ரெண்டும் போட்டா 97 பேர் வரைக்கும் பாதுகாப்பு வந்துடும். ஊர்ல நூத்துக்கு 95 பேருக்கு ரெண்டு ஊசியும் இருந்தாத்தான் இந்த நோய் பரவ வழியில்லாம நிக்கும்னு கணக்கு.

ஆனா தவறிப்போறது இந்த ரெண்டாவதுதான். ஏன்னு பாத்தா, முதல் ஊசி வரைக்கும் பொண்ணு பெரும்பாலும் அம்மா வீட்ல இருக்கும், நர்ஸம்மாவே வீடு தேடி வந்து கூப்பிடுவாங்க. ஒரு வயசு மொட்டை போட்டு காது குத்தி முடிச்சதும் மாமியார் வீட்டுக்கோ, வீட்டுக்காரர் வேலை பாக்குற திருப்பூருக்கோ போயிடுறாங்க. அங்க இருக்கற நர்ஸுக்கு இப்படி ஒரு பிள்ளை வந்திருக்குன்னே தெரியாது. அட்டை இங்கிட்டு அம்மா வீட்டு பீரோல, சேலைக்கு அடியில பாலிதீன் கவர்ல பத்திரமா இருக்கும். அப்படி ஒரு அட்டைய ஒரு அம்மாச்சி என்கிட்ட கொண்டு வந்து காட்டுனாங்க, முதல் ஊசி வரைக்கும் எல்லாக் கட்டத்துலயும் தேதி இருக்கு, அதுக்குக் கீழ எல்லாம் வெள்ளை, பிள்ளைக்கு அப்ப மூணு வயசு. ஊர் மாறுறீங்கன்னா முதல்ல அட்டைய போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கங்க, போற ஊர் நர்ஸ்கிட்ட பேரைக் கொடுங்க. இந்தியால எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரிலயும் போட்டுக்கலாம், "உங்க ஊர்ல போய் போடுங்க"ன்னு யாரும் சொல்லக்கூடாது.

தேதி தாண்டிப் போச்சு, திட்டுவாங்களோன்னு போகாம இருக்கோம். இனிமே போடலாமா?

போடலாம். அஞ்சு வயசு வரைக்கும் அரசுலயே போடுவாங்க. முதல் ஊசியே போடலன்னா இப்ப ஒண்ணு, ஒரு மாசம் விட்டு அடுத்தது. முதல் ஊசி போட்டு ரெண்டாவது மட்டும் விட்டுப்போச்சுன்னா அதை மட்டும் போட்டா போதும், முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல. திட்டுனா ஒரு நிமிசம் வாங்கிக்கங்க, அது ஒண்ணும் பெருசு இல்ல.

சளி இருக்கு, லேசா உடம்பு சுடுது, ஊசிய அடுத்த மாசம் வச்சுக்கலாமா?

வேணாம், போடலாம். லேசான சளி, இருமல், வயித்துப்போக்கு எதுக்கும் தள்ளிப்போடத் தேவையில்ல. எடை கம்மியான பிள்ளைக்கு கண்டிப்பா போடணும், மேல சொன்ன கேடெல்லாம் அவங்களுக்குத்தான் முதல்ல வரும். முட்டை ஒத்துக்காத பிள்ளைக்கும் போடலாம். பிள்ளை துவண்டு போற அளவுக்குக் காய்ச்சல்னா மட்டும் அது குறைஞ்சதும் போடுங்க.

ஊசி போட்டு ஒரு வாரம் நல்லா இருந்துச்சு, இப்ப திடீர்னு காய்ச்சல். ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்தி செஞ்ச ஊசி. அது உடம்புல கொஞ்சமா பெருகுறப்பதான் எதிர்ப்பு சக்தி உருவாகும், அதுக்கு ஒரு வாரம் ஆகும். அதனால சில பிள்ளைக்கு 7ல இருந்து 12 நாளுக்குள்ள காய்ச்சல் வரும், அதுல கொஞ்சம் பேருக்கு லேசா தடிப்பும் வரும், ரெண்டு மூணு நாள்ல போயிடும், அடுத்தவங்களுக்கு ஒட்டாது. சுமார் 3000, 4000 பிள்ளைல ஒண்ணுக்கு இந்தக் காய்ச்சல்ல வலிப்பு வரலாம், பயமா இருக்கும், ஆனா அதனால பின்னாடி கெடுதல் வர்றதில்ல. வலிப்பு வந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடணும்.

இங்க என் தொழில் சம்பந்தமா ஒண்ணு சொல்லியே ஆகணும். பாராசிட்டமால் துளி மருந்து வேற, சிரப் வேற. துளி மருந்துல ஒரு மில்லிலயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்புல 5 மில்லிக்குத்தான் 120, 125, இல்ல 250. "போன தடவை அஞ்சு மில்லி கொடுத்தேன்"னு அதே அளவு துளி மருந்தை ஊத்திட்டா 500 மில்லிகிராம், ஒன்பது மாசப் பிள்ளைக்கு அது ரொம்ப ரொம்ப ஜாஸ்தி. பாட்டில்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க, பிள்ளை எடையச் சொல்லி அளவு கேளுங்க, கூட வர்ற குழாயிலயே அளந்து கொடுங்க, வீட்டு ஸ்பூன் வேணாம். ஆஸ்பிரின் பிள்ளைங்களுக்கு எந்தக் காய்ச்சலுக்கும் கொடுக்கவே கூடாது.

இடது கைல தழும்பு இருக்கு, வலது கைல இல்ல. ஊசி பிடிக்கலையா?

இடது கைல இருக்கறது பொறந்தப்ப காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு. தட்டம்மை ஊசிக்குத் தழும்பே வராது.

உங்க கடைல ஊசி வாங்கிட்டுப் போய் தெரிஞ்ச நர்ஸ்கிட்ட போட்டுக்கலாமா?

நான் கொடுக்க மாட்டேன். இந்த மருந்து 2 டிகிரில இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், வெளிச்சமும் ஆகாது. சித்திரை வெயில்ல வயர்கூடைல வச்சு பஸ்ல கொண்டு போனா பாட்டில் பாக்க அப்படியேதான் இருக்கும், உள்ள மருந்து செத்திருக்கும். நீங்க ஊசி போட்டாச்சுன்னு நிம்மதியா இருப்பீங்க.

யாருக்குத்தான் போடக்கூடாது?

கேன்சர் வைத்தியத்துல இருக்கற பிள்ளை, எதிர்ப்பு சக்தி ரொம்பக் கெட்டுப்போன பிள்ளை, அதிக அளவு ஸ்டீராய்டு நாள்கணக்குல எடுத்துக்குற பிள்ளை, முன்னாடி இதே ஊசிக்கு மூச்சுத்திணறுற அளவுக்கு அலர்ஜி வந்த பிள்ளை. கர்ப்பிணிகளும் போடக்கூடாது. சமீபத்துல ரத்தம் ஏத்தியிருந்தா சில மாசம் விட்டுப் போடச் சொல்வாங்க, அதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் பாதுகாப்பே பக்கத்துல இருக்கறவங்க போட்டுக்குற ஊசிதான்.

ஊசி போட்டா ஆட்டிசம் வரும்னு என் மதினி பொண்ணு போன்ல காட்டுச்சே?

1998ல வேக்ஃபீல்டுன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் வெறும் 12 பிள்ளைகளை வச்சு ஒரு கட்டுரை எழுதுனாரு, அங்க ஆரம்பிச்ச கதை இது. அதுல தகவல்களைத் திரிச்சிருக்காருன்னு தெரிஞ்சு 2010ல அந்தக் கட்டுரைய வெளியிட்ட பத்திரிகையே அதை வாபஸ் வாங்குச்சு, அதே வருசம் அவரை டாக்டர் பட்டியல்ல இருந்தும் நீக்கிட்டாங்க. 2019ல டென்மார்க்ல ஆறரை லட்சத்துக்கும் மேல பிள்ளைகளை வருசக்கணக்கா கவனிச்சுப் பாத்து வெளியிட்டாங்க, ஊசி போட்ட பிள்ளைக்கும் போடாத பிள்ளைக்கும் ஆட்டிசத்துல வித்தியாசம் இல்ல. ஒன்றரை வயசுல பேச்சு வரலயேன்னு பெத்தவங்க கவனிக்கிற நேரமும் ரெண்டாவது ஊசி போடுற நேரமும் ஒண்ணா அமைஞ்சு போறதாலதான் சந்தேகம் வருது.

2017ல ஸ்கூல்ல போட்டப்பவே வாட்ஸ்அப்ல என்னென்னமோ வந்துச்சே, பின்னாடி குழந்தை பிறக்காதுன்னு கூட...

2017 பிப்ரவரில தமிழ்நாடு, கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவுல 9 மாசத்துல இருந்து 15 வயசுக்குள்ள உள்ள எல்லாருக்கும் எம்.ஆர். ஊசி போட்டாங்க, அப்ப கிளம்புன வதந்தி அது. உண்மை நேர் எதிரா இருக்கு. கர்ப்பமா இருக்கறப்ப, அதுவும் முதல் மூணு மாசத்துல, தாய்க்கு ரூபெல்லா வந்தா கரு கலையலாம், இல்லன்னா பிள்ளை கண்ணுல புரையோட, காது கேக்காம, இதயத்துல ஓட்டையோட பிறக்கலாம். இப்படிப் பிறந்து கண்புரையோட வந்த பிள்ளைகளைப் பத்தி நம்ம மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்களே ஆய்வு செஞ்சு எழுதியிருக்காங்க. பின்னாடி நல்லபடியா பிள்ளை பிறக்கணும்னுதான் தட்டம்மை ஊசியோட ரூபெல்லாவையும் சேத்தாங்க.

திருவள்ளூர்ல இந்த ஊசி போட்டு பிள்ளைங்க இறந்துச்சாமே?

ஆமா, மறைக்க ஒண்ணும் இல்ல. 2008 ஏப்ரல்ல திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட அன்னைக்கே நாலு கைப்பிள்ளைங்க இறந்து போச்சு. அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல கொஞ்ச காலம் கிராமத்துல போய் போடுறதை நிறுத்தி, டாக்டர் இருக்கற இடத்துல மட்டும் போட்டாங்க. இதைக் கேட்டு ஒரு அம்மா பயந்தா அது நியாயமான பயம்.

அந்தப் பயத்தோடயே நீங்க பாக்க வேண்டியது என்னன்னா, இந்த மருந்து பொடியா வரும், தண்ணி மருந்து கலந்து 4 மணி நேரத்துக்குள்ள போட்டுடணும், மிஞ்சுனதைக் கொட்டிடணும். கலந்த நேரத்தை பாட்டில்ல எழுதுவாங்க, கேட்டுப் பாருங்க, எத்தனை மணிக்குக் கலந்ததுன்னு கேக்குறது உங்க உரிமை. சிரிஞ்சு உங்க கண் முன்னாடி புதுசா பிரிக்கணும். போட்டப்புறம் அரை மணி நேரம் அங்கேயே உக்காருங்க, பஸ் போயிடும்னு கிளம்பாதீங்க. பத்து லட்சத்துல ஒண்ணுங்கற மாதிரி அபூர்வமா வர்ற கடுமையான அலர்ஜி பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்துக்குள்ளதான் தெரியும், உடனே கொடுக்கற மருந்தும் அங்கதான் இருக்கும்.

பிரைவேட்ல எம்.எம்.ஆர்.னு காசு வாங்கிப் போடுறாங்க, அதுதான் ஒசத்தியா?

தட்டம்மையப் பொறுத்தவரை ரெண்டும் ஒண்ணுதான். எம்.எம்.ஆர்.ல பொன்னுக்கு வீங்கிக்கும் சேத்து இருக்கு. குழந்தைகள் டாக்டர்கள் சங்கம் அதை 9 மாசம், 15 மாசம், அப்புறம் 4ல இருந்து 6 வயசுக்குள்ளன்னு மூணு தடவை சொல்றாங்க. ஒண்ணு அரசுல, அடுத்தது பிரைவேட்லன்னு மாத்திப் போட்டாலும் தப்பில்ல, ஆனா ஒரே அட்டைல எழுதி வாங்குங்க. சின்னம்மை ஊசியும் போடப்போறீங்கன்னா ஒரே நாள்ல போடணும், இல்லன்னா நாலு வாரம் இடைவெளி விடணும்.

பக்கத்து வீட்ல பிள்ளைக்கு அம்மைன்னு சொல்றாங்க. என் பிள்ளைக்கு ஏழு மாசம்தான், என்ன செய்ய?

அன்னைக்கே கிளம்புங்க. நோயாளி பக்கத்துல இருந்த 72 மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டா வராம தடுக்கவோ, வந்தாலும் லேசாக்கவோ வாய்ப்பு இருக்கு. நோய் பரவுற நேரத்துல 6 மாசம் முடிஞ்ச பிள்ளைக்கே கூடுதலா ஒண்ணு போடுவாங்க. ஆனா அது கணக்குல சேராது, ஏன்னு மேல அம்மா சக்தி பத்தி சொன்னேன்ல, அதே காரணம், 9 மாசத்துலயும் ஒன்றரை வயசுலயும் மறுபடி போட்டே ஆகணும். ஊசி போட முடியாத ரொம்பச் சின்னப் பிள்ளைன்னா ஆறு நாளுக்குள்ள கொடுக்குற வேற மருந்து இருக்கு, அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

அம்மை இறங்கியிருக்கறப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா ஆத்தா கோவிச்சுக்கும்னு மாமியார் சொல்றாங்க. அவங்கள எப்படி மீறுறது?

மீற வேணாம். வாசல்ல வேப்பிலை கட்டுங்க, தெப்பக்குளம் மாரியம்மனுக்கு நேந்துக்கங்க, வீட்ல சுத்தபத்தமா இருங்க. வெளியாளை வீட்டுக்குள்ள விடாம இருந்த பழக்கம் பரவாம தடுக்கவும் நல்லதுதான். ஆனா சாப்பாட்டைக் குறைக்காதீங்க, தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, இளநி, மோரு, கஞ்சி நிறைய கொடுங்க. அதோட சுகாதார நிலையத்துல வைட்டமின் ஏ வாங்கணும். ஒரு வயசுக்கு மேல 2 லட்சம் யூனிட், 6ல இருந்து 11 மாசம்னா 1 லட்சம், அதுக்குக் கீழ 50 ஆயிரம், இன்னைக்கு ஒரு தடவை நாளைக்கு ஒரு தடவை. வாயில ஊத்துற மருந்துதான், ஊசி இல்லன்னு சொன்னா மாமியாரும் பெருசா மறுக்க மாட்டாங்க. கண்ணையும் உயிரையும் காப்பாத்தும். நீங்களா வாங்கி அளவு பாக்காம கொடுத்துடாதீங்க.

மூச்சு வேகமா வாங்குது, நெஞ்சு உள்ள இழுக்குது, பால் குடிக்கல, வலிப்பு, கூப்பிட்டா முழிக்கல, கண்ணுல வெள்ளையா தெரியுது, இதுல ஒண்ணு இருந்தாலும் 108க்குப் போன் போடுங்க. அந்த நேரத்துல யார் சொல்றதையும் பாக்காதீங்க.

ரெண்டு ஊசியும் போட்டும் உடம்பெல்லாம் தடிப்பு வந்துருச்சு. அப்ப ஊசி ஏமாத்தா?

தடிப்பு வர வேற வைரஸ் நிறைய இருக்கு, முதல் கேள்வில சொன்ன மாதிரி எல்லாத்தையும் அம்மைன்னு சொல்லிடுறோம். நூத்துல மூணு பேருக்கு ரெண்டு ஊசிலயும் பிடிக்காமப் போறதும் உண்டு. எதுவா இருந்தாலும் நர்ஸம்மாகிட்ட சொல்லுங்க, ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. டெஸ்ட் இல்லாம "வந்துட்டுப் போயிருச்சு, இனி ஊசி வேணாம்"னு முடிவு பண்ணாதீங்க, தட்டம்மையே வந்திருந்தாலும் ரூபெல்லாவுக்காக ஊசி வேணும், வந்தவங்களுக்குப் போடுறதால கெடுதலும் இல்ல.

பிள்ளைக்குச் சரி. எனக்கே சின்ன வயசுல போட்டாங்களான்னு தெரியல, அடுத்த குழந்தைக்குப் பாத்துட்டு இருக்கோம்.

நல்ல கேள்வி, கேக்குறவங்கதான் கம்மி. உண்டாகுறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாத்து போட்டுக்கங்க, போட்டப்புறம் ஒரு மாசம் வரைக்கும் உண்டாகாம பாத்துக்கணும். தெரியாம போட்டுட்டா கருவக் கலைக்கணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அப்படி ஒரு அவசியம் கிடையாது, டாக்டர்கிட்ட சொன்னா போதும். பால் கொடுக்குற தாய் தாராளமா போட்டுக்கலாம்.